இரண்டாவது முறை ஏற்றினேன்

போன மாதம் கீர்த்தனா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற மருத்துவமனையின் இதயப் பிரிவில், நான் பார்த்த அதே டிரெட்மில் பரிசோதனையை இப்போது பார்ப்பவள் அவள்.

"சார், ஒரு ஐ.டி. ஆளு வந்திருக்காரு. அல்சூர் ஏரியைச் சுத்தி ஓடிட்டு அப்படியே ஷூவோட டெஸ்டுக்கு வந்துட்டாரு. மாரத்தான் ஓட சர்டிபிகேட் வேணுமாம். வார்ம்-அப் முடிச்சாச்சு, நேரா மிஷின்ல ஏத்துங்கன்றாரு. ஏத்தட்டுமா?"

"வேணாம்மா. நாளைக்கு வரச் சொல்லு. வண்டியில வரட்டும், லிப்ட்ல ஏறி வரட்டும்."

"கோவப்படறாரு சார். வார்ம்-அப் நல்லதுதானேன்னு கேக்கறாரு."

"ஓடறதுக்கு நல்லது. டெஸ்டுக்கு இல்ல."

அவள் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். மறுநாள் மறுபடியும் கூப்பிட்டு, ஏன் என்று கேட்டாள். சொன்னேன். "இதையெல்லாம் எங்களுக்கு யாருமே சொல்லித் தரல சார். நம்ம டெக்னீஷியன் சங்கத்து மலருக்கு எழுதிக் குடுங்க" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். அவளிடம் நான் சொன்னது பாதிதான். மீதியை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் பி.எஸ்சி. முடித்து, இதயப் பரிசோதனைக்கான பட்டயமும் வாங்கிக்கொண்டு கன்டோன்மென்ட் பக்கம் இருந்த அந்த மருத்துவமனையில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான். கற்ற காலத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஈசிஜி எடுக்கக் கற்றேன், பிறகு டிரெட்மில். உண்மையில் எனக்கு வேலை கற்றுத் தந்தவர் எங்கள் பிரிவுத் தலைவர் டாக்டர் நாகரத்னா.

அவர் தும்கூர்க்காரர். கன்னடம் கலந்த தமிழ் பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தவறு செய்தவனைத் திட்டவும் மாட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, அவன் பேசி முடிக்கும்வரை காத்திருப்பார். அந்த அமைதிக்குப் பயந்தே நாங்கள் ஒழுங்காக இருந்தோம்.

டிரெட்மில் அறைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "ஹேகே பந்த்ரி?" எப்படி வந்தீர்கள் என்று. பஸ்ஸிலா, நடந்தா, படியேறியா, லிப்டிலா. பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்தேன் என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அன்று அவருக்குப் பரிசோதனை கிடையாது. சிலர் கத்துவார்கள். "ஸ்வல்ப கோபம் வரும், பரவாயில்ல, நாளைக்கு வாங்க" என்று சிரித்தபடியே அனுப்பிவிடுவார்.

காரணத்தை ஒருநாள் எனக்கு விளக்கினார். உடற்பயிற்சிக்கு முன் உடலைச் சூடாக்கிக்கொண்டால் அதன் பிறகு அதிக நேரம் தாக்குப்பிடிக்க முடியும். தசைக்கு ரத்தம் விரைவாகப் போகிறது, மூச்சு சீக்கிரம் நிதானத்துக்கு வருகிறது. ஓட்டக்காரர்கள் அதை நன்றாகவே பயன்படுத்திக்கொள்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் இதயத்தின் ரத்தக்குழாய் அடைபட்டிருக்கும் ஒருவருக்கும் இதேதான் நடக்கிறது. முதல் முறை நடக்கும்போது நெஞ்சு பிடிக்கும். நின்று இளைப்பாறி மறுபடி நடந்தால் வலி தள்ளிப் போகும், சிலருக்கு வராமலே போய்விடும். அடைப்பு அங்கேயேதான் இருக்கிறது. இதயம் அந்தச் சிறிது நேரத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

"முதல் தடவை நடக்கறப்போ நெஞ்சு என்ன சொல்லுதோ, அதுதான் நமக்கு வேணும், தேவராஜ்" என்றார். "நடுவுல நிறுத்தினா அன்னைக்கு அவ்வளவுதான். திரும்ப ஏத்தக் கூடாது. எந்தக் காரணத்துக்கும்."

எந்தக் காரணத்துக்கும் என்று அவர் அழுத்திச் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது.

ஏழுமலை அண்ணன் மர்பி டவுனில் எங்கள் தெருக்காரர். பீன்யாவில் ஒரு தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்ஸின் டிரைவர். இரவில் பஸ் தெருமுனையிலேயே நிற்கும், விடியற்காலையில் கிளம்பும். எங்கள் பகுதியிலிருந்து பெண்கள் நிறையப் பேர் அதில் வேலைக்குப் போவார்கள். பஸ்ஸை அவரே துடைப்பார். கண்ணாடி, பக்கத் தகடு, பின்பக்க ஏணி என்று ஒன்றையும் விடமாட்டார். அவருடைய மனைவி கன்னியம்மா அண்ணி, "என்னைவிட அந்த பஸ்ஸைத்தான் அதிகமா குளிப்பாட்டறாரு" என்று சொல்லிச் சிரிப்பார்.

ஓர் ஆண்டு கம்பெனி ஒரு புது விதி கொண்டுவந்தது. வயதான டிரைவர்கள் எல்லாரும் இதயப் பரிசோதனை செய்து தகுதிச் சான்று கொடுக்க வேண்டும். சான்று இல்லாதவர்கள் கம்பெனி கேட்டில் காவலுக்குப் போக வேண்டும்.

ஏழுமலை அண்ணன் வந்த அன்று டாக்டர் நாகரத்னா ஊரில் இல்லை. மைசூரில் ஏதோ கருத்தரங்கு. அவருக்குப் பதிலாக இருந்த இளம் டாக்டர் தீவிர சிகிச்சைப் பிரிவில் மாட்டிக்கொண்டிருந்தார். பரிசோதனையின்போது அறையில் டாக்டர் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அவர் "ஆரம்பிங்க, ஏதாவதுன்னா கூப்பிடுங்க" என்று போனில் சொல்லிவிட்டார். வெளியே பெஞ்ச் நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள்.

"என்னடா தேவா, உங்க அண்ணனையே மிஷின்ல போட்டுப் பாக்கப் போறியா?" என்று சிரித்துக்கொண்டே வந்தார் ஏழுமலை அண்ணன்.

"எப்படிண்ணே வந்தீங்க?"

"ஆட்டோல. உங்க அண்ணி நடக்கவே விடல."

மார்பு முடியைச் சிரைத்தேன். தோலை ஸ்பிரிட்டால் துடைத்து, மின்முனைகளை ஒட்டி, வயர்களை மாட்டினேன். இடுப்பில் பட்டையைக் கட்டி, கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினேன். பெல்ட் மெதுவாக ஓடத் தொடங்கியது. சில நிமிடத்துக்கு ஒருமுறை அது வேகம் கூடி, சரிவும் ஏறும். முதல் நிலை சரியாகப் போயிற்று. இரண்டாவது நிலையில் அவர் முகம் மாறியது. பேச்சு நின்றது. வலது கை கைப்பிடியை விட்டு நெஞ்சுக்குப் போனது. திரையில் துடிப்பின் கோடு, தாழக் கூடாத இடத்தில் தாழத் தொடங்கியிருந்தது.

அதே நேரத்தில் வியர்வையில் ஒரு மின்முனை கழன்றது. திரை முழுக்கக் கோடுகள் தாறுமாறாகக் குதித்தன. நான் பெல்ட்டை நிறுத்தினேன்.

"வயர் கழண்டிடுச்சுண்ணே."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்தார். பிறகு அவசரமாக, "ஆமா, ஆமா, வயர்தான்" என்றார்.

அந்த அவசரத்திலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆனால் அந்த நிமிடம் 'வயர்தான்' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டரைக் கூப்பிட்டால் அவர் எரிந்து விழுவார். வந்து பார்த்தாலோ ஏழுமலை அண்ணன் கேட்டுக் காவலுக்குப் போவார். வெளியே இருப்பவர்கள் நேரமாகிறது என்று சத்தம் போடுகிறார்கள். இப்படித்தான் மனம் ஓடியது.

அவரை நாற்காலியில் உட்கார வைத்து, அடுத்து இருந்தவருக்குப் பரிசோதனையை முடித்து அனுப்பினேன். பிறகு அவர் தோலை நன்றாகத் துடைத்துப் புது மின்முனைகளை ஒட்டினேன். முந்தைய பதிவை வைத்துக்கொள்ளவா, நீக்கவா என்று இயந்திரம் கேட்டது. நீக்கு என்பதை அழுத்தினேன். அவரை மறுபடி ஏற்றினேன்.

இரண்டாவது முறை அவர் சிரித்துக்கொண்டே நடந்தார். முன்பு கை நெஞ்சுக்குப் போன இடத்தைக் கடந்து, அதற்கு மேலும் ஏறினார். கோடு கிட்டத்தட்ட நேராகவே இருந்தது. இளம் டாக்டர் மாலையில் வந்து தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். நார்மல்.

மறுநாள் டாக்டர் நாகரத்னா திரும்பி வந்தார். "நான் இல்லாதப்போ ஏதாவது இருந்துதா?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

பயம் அன்றிரவு வரவில்லை. ஒரு வாரம் கழித்து வந்தது. விடியற்காலையில் பால் வாங்கப் போனேன். ஏழுமலை அண்ணன் பஸ்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தி, பஸ்மேல் சாய்ந்துகொண்டு நெஞ்சைத் தடவினார்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்லடா. காலையில முதல்ல துடைக்கறப்போ லேசா பிடிக்கும். கொஞ்சம் நின்னுட்டு மறுபடி துடைச்சா போயிடும். அப்புறம் நாள் பூரா ஒண்ணும் தெரியாது." அவர் பஸ்ஸைத் தட்டினார். "டீசல் வண்டி மாதிரிதான். சூடாகற வரைக்கும் இருமும்."

பால் பாக்கெட் கையில் இருக்க, நான் அப்படியே நின்றேன். டாக்டர் சொன்னதை இந்த மனிதர் வார்த்தைக்கு வார்த்தை தன் உடம்பிலிருந்து சொல்கிறார். அவர் பஸ்ஸைத் துடைப்பதுதான் அவருக்கு வார்ம்-அப். அதனால்தான் ஸ்டியரிங்கில் உட்காரும்போது நெஞ்சு வாய் மூடிக்கொள்கிறது. அன்றிலிருந்து பஸ்ஸின் ஹார்ன் சத்தம் கேட்டாலே எழுந்துவிடுவேன். பஸ் நகரும்வரை ஜன்னலில் நின்று பார்ப்பேன். மாலையில் அது திரும்பி வந்தால்தான் சோறு இறங்கும்.

ஒரு விடுமுறை நாளில், பீன்யாவில் வேலை இருக்கிறது என்று பொய் சொல்லி அந்த பஸ்ஸில் ஏறினேன். டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பஸ் முழுக்கப் பெண்கள். முடியைப் பின்னிக்கொண்டும், டப்பாவைத் திறந்து இட்லி தின்றுகொண்டும் இருந்தார்கள்.

"டிரைவர் மாமா, ஏன் இன்னைக்கு மாட்டு வண்டி ஓட்டறீங்க? மாமி சோறு போடலியா?" என்று கத்தினாள் ஒருத்தி.

"சோறு போட்டாங்க, நீ ஏறினதுல பஸ்ஸு பாரம் தாங்கலடி" என்றார் அவர். பஸ்ஸே சிரித்தது.

எனக்குச் சிரிக்க வரவில்லை. என் கண் அவர் வலது கைமேலேயே இருந்தது. மேம்பாலத்தில் ஏறும்போது அந்தக் கை ஸ்டியரிங்கை விட்டால் என்னவாகும் என்று நினைத்தேன். பக்கத்தில் லாரிகள். தடுப்புச் சுவர் என் இடுப்பு உயரம்கூட இருக்காது. எனக்குப் பின்னால் இருந்த பெண்ணின் மடியில் ஒரு குழந்தை தூங்கியது. அவள் அதைக் கம்பெனி காப்பகத்துக்குக் கொண்டுபோகிறாள். பீன்யா வருவதற்குள் என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

எல்லாரும் இறங்கியதும் சொன்னேன். "அண்ணே, ஒருதடவை மறுபடி டெஸ்டுக்கு வாங்க."

"எதுக்கு? நீதானே நார்மல்னு குடுத்த."

முதல் பதிவை நீக்கிவிட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "மிஷின் அன்னைக்குச் சரியில்லண்ணே" என்றுதான் வந்தது.

"மிஷின் சரியில்லையா, நீ சரியில்லையா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "தேவா, ஸ்டியரிங் பிடிச்ச கையில லத்தியைக் குடுத்து கேட்டுல நிக்க வெக்காத. ரிட்டயர் ஆகற வரைக்கும் விட்டுடு. உன் கால்ல வேணா விழறேன்."

அவர் காலில் விழவில்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது. சொல்லியாயிற்று, அவர்தான் மறுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டரிடம் போயிருக்கலாம். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவர் காத்திருப்பதை நினைத்தேன். போகவில்லை.

டிசம்பர் குளிரில் ஒரு நாள் தெருவில் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடவில்லை, தண்ணீர் ஏறவில்லை. அண்ணன் எழுந்ததே தாமதம். பஸ்ஸைத் துடைக்கவில்லை. சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே தெருவில் ஓடுவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். துடைக்காமல் ஏறுகிறாரே என்று மனம் கூவியது. கீழே இறங்கி ஓடினேன். நான் வாசலுக்கு வருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

அது வெகுதூரம் போகவில்லை. அடுத்த திருப்பத்தில் நடைபாதையில் ஏறி, ஒரு பள்ளியின் மதிலில் மோதி நின்றது. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் ஸ்டியரிங்மேல் கவிழ்ந்து கிடந்தார். அவரைக் கீழே கிடத்தி நெஞ்சை அழுத்தினேன். ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்தினேன். நான் மின்முனை ஒட்டிய அதே நெஞ்சு. பயனில்லை.

பஸ்ஸில் இருந்தவர்களில் மாட்டு வண்டி என்று கேலி செய்த பெண்ணுக்கு மணிக்கட்டு உடைந்தது. அந்தக் கை பிறகு நேராகவில்லை. அவள் வேலையை விட்டாள். குழந்தைக்காரி அன்று வேலைக்கு வரவில்லை. வந்திருந்தால் என்று நான் நினைக்காத நாளில்லை.

டாக்டர் நாகரத்னா ஏழுமலை அண்ணனுடைய பரிசோதனைத் தாளை வரவழைத்துப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார். கண்ணாடியைக் கழற்றவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

"அன்னைக்கு அவர் எப்படி வந்தார்?"

"ஆட்டோல மேடம். லிப்ட்ல ஏறினார்."

இரண்டும் உண்மை. அவர் நெடுநேரம் தாளையே பார்த்தார். "சிலரை இந்த டெஸ்ட் விட்டுடும், தேவராஜ். நான் ஊர்ல இருந்திருக்கணும்" என்றார். என் தவறை அவர் தன் தலையில் போட்டுக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் இப்போது இல்லை. அப்படியே நம்பித்தான் போனார்.

கன்னியம்மா அண்ணி இருக்கிறார். இத்தனை ஆண்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார்: "நீ ஒருத்தன்தான் தம்பி மறுபடி வாங்கன்னு கூப்பிட்ட. அந்த மனுஷன்தான் கேக்கல." செத்தவர்மேல் அவருக்குக் கோபம். அந்தக் கோபத்துக்கு உரியவன் நான்.

அதனால் இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அச்சில் வந்து வேறு யாராவது படித்துச் சொல்லி அவருக்குத் தெரியக் கூடாது. மூன்று முறை அவர் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பினேன். நேற்றுதான் உள்ளே போனேன்.

காவேரித் தண்ணீர் வரும் நாள். வாசல் குழாயில் ஹோஸ் மாட்டி டிரம் நிரப்பிக்கொண்டிருந்தார். "வா தம்பி, உக்காரு. இது நிரம்பினதும் காபி போடறேன்" என்றார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முதல் முறை, வயர், இயந்திரம் கேட்டது, நான் அழுத்தியது, இரண்டாவது முறை.

டிரம் நிரம்பி வழிந்தது. அவர் குழாயை மூடவில்லை.

"முதல் தடவை அவருக்கு வலிச்சுதா?"

"வலிச்சுது."

"நெஞ்சுல கை வெச்சாரா?"

"வெச்சார் அண்ணி."

"நீ அதைப் பாத்த."

"பாத்தேன்."

தண்ணீர் எங்கள் இருவர் காலையும் நனைத்துக்கொண்டு வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. அவர் அழுவார் என்று நினைத்தேன். என் சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். அதற்கெல்லாம் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் குனிந்து குழாயை மூடினார். ஹோஸைச் சுருட்டி ஆணியில் மாட்டினார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அறிமுகமில்லாத ஒருவரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"சரி. நீங்க போங்க சார்" என்றார்.